வங்கி வாங்கிய தபால்தலை

ஒரு வங்கிக்கு 150 வயதானால் எப்படிக் கொண்டாடுவார்கள்? விருந்து வைப்பார்கள், சிறப்பு மலர் போடுவார்கள், பழைய வாடிக்கையாளர்களை மேடைக்கு அழைத்து மாலை மரியாதை செய்வார்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரிஷியஸ் தீவில் 1988ஆம் ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஒரு தனியார் வங்கியின் 150ஆம் ஆண்டு நிறைவுக்கு நாட்டின் அஞ்சல் துறையே நினைவுத் தபால்தலைகளை வெளியிட்டது.

அந்த வங்கியின் பெயர் மொரிஷியஸ் கமர்ஷியல் பேங்க். 1838ல் தொடங்கி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் அது, அத்தீவின் மிகப் பழமையான வங்கி. தபால்தலைகளில் வங்கிக் கட்டடம் இடம்பெற்றது. 25 ரூபாய் தபால்தலையில் மட்டும் ஒரு பழைய பணநோட்டின் படம். அதன் மதிப்பு 15 டாலர். நம் வழக்கில் சொன்னால் 15 வெள்ளி. ரூபாயில் விலை போட்ட தபால்தலைக்குள் வெள்ளி நோட்டு! இந்த முரண்பாட்டுக்குள்தான் அந்தத் தீவின் கதையே இருக்கிறது.

1838ல் வங்கி தொடங்கியவர்களுக்குக் கையில் பணம் எப்படி வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மொரிஷியஸை 1810ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1825ல் அதன் சீனிக்கு மேற்கிந்தியத் தீவுகளின் சீனிக்கு நிகரான இறக்குமதி வரி பிரிட்டனில் கிடைத்தது. அவ்வளவுதான், தீவே கரும்புக் காடாகிவிட்டது. கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1835 பிப்ரவரியில் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைப்பட்டவர்களுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! பேரரசு முழுமைக்கும் ஒதுக்கிய 2 கோடி பவுனில் 21 லட்சம் பவுன் அளவுக்கு இந்த ஒரு சிறு தீவுக்கு வந்தது. விடுதலை பெற்ற மனிதருக்கு ஒரு காசு இல்லை. போதாக்குறைக்கு, 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1839 வரை பழைய முதலாளியிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

பணம் குவிந்த இடத்தில் வங்கி முளைப்பது இயல்பு. 1832ல் ஏற்கெனவே 'பேங்க் ஆஃப் மொரிஷியஸ்' என்று ஒன்று வந்திருந்தது. (இன்று அதே பெயரில் இருக்கும் மத்திய வங்கி வேறு, அது 1967ல் ஏற்பட்டது.) அந்த ஒரு வங்கியின் ஆதிக்கத்தைப் பிடிக்காத வணிகர்கள் சேர்ந்து போட்டியாக ஆரம்பித்ததுதான் கமர்ஷியல் பேங்க். அதன் முதல் தலைவர் ஜேம்ஸ் எட்வர்ட் அர்பத்நாட் என்ற வணிகர்.

அர்பத்நாட்! சென்னை வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் உறுத்தும். 1906ல் சென்னையில் ஒரு அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு கரைந்துபோனது. அந்தக் கொதிப்பில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களும் செட்டியார்களும் சேர்ந்து 1907ல் இந்தியன் பேங்க்கைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் 1941லிருந்து கிளை வைத்திருக்கும் அதே வங்கிதான். சென்னை நிறுவனமும் மொரிஷியஸ் நிறுவனமும் வேறு வேறு; பெயர் ஒன்று என்பதற்காக ஒருவர் கணக்கை இன்னொருவர் தலையில் எழுதக்கூடாது.

ஆனால் மொரிஷியஸ் அர்பத்நாட்டுகளுக்கே ஒரு தனிக் கணக்கு உண்டு.

36 பேர் வந்த கப்பல்

1834 செப்டம்பரில் கல்கத்தாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒரு பக்கம் 'ஹண்டர், அர்பத்நாட்' கம்பெனியின் சார்பில் ஜார்ஜ் சார்லஸ் அர்பத்நாட். மறுபக்கம் மலைவாழ் மக்களான 36 தொழிலாளர்கள். ஆணுக்கு மாதம் 5 ரூபாய், பெண்ணுக்கு 4 ரூபாய், உணவும் துணியும் தனி, ஐந்து ஆண்டுக் கட்டாயம். 'அட்லஸ்' என்ற கப்பலில் ஏறிய அவர்கள் 1834 நவம்பர் 2ஆம் தேதி போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து கம்பெனியின் அந்த்வானெத் சீனித் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அடிமைகள் விடுதலையானால் கரும்பை யார் வெட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை இவர்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் இதை ஒரு 'மாபெரும் சோதனை' என்றே அழைத்தது. சோதனை வெற்றி என்று தீர்மானித்த பிறகு பிஜி, டிரினிடாட், தென்னாப்பிரிக்கா என்று கப்பல்கள் கிளம்பின. மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம்மவர்களின் கதையும் இதே ஏற்பாட்டின் இன்னொரு கிளைதான். பின்னால் ரப்பர் வந்தபோது கங்காணிகள் வந்தார்கள். அது வேறு அத்தியாயம்.

ஆக, கூலிகளைக் கொண்டுவந்த வணிகக் கூட்டமும் வங்கியைக் கொண்டுவந்த வணிகக் கூட்டமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. நான்கே ஆண்டு இடைவெளி. வங்கி தொடங்கிய அந்த 1838ல்தான் கூலி ஏற்றுமதியைப் பற்றி இந்தியாவில் பெரும் கூச்சல் எழுந்தது. ஏமாற்றி ஏற்றுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. கப்பல்கள் நிறுத்தப்பட்டன. தோட்டக்காரர்கள் விடாமல் மன்றாடி, 1842ன் முடிவில் மறுபடி திறக்க வைத்தார்கள். அதன் பிறகு அணை உடைந்த கதைதான். 1920களின் தொடக்கம் வரையிலான காலத்தில் மொரிஷியஸில் இறங்கிய இந்தியர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் கணிசமானவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள்.

அவர்களுக்கு முன்பே அங்கே தமிழர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே 1735க்குப் பிறகு போர்ட் லூயிஸைக் கட்டத் தொடங்கியபோது புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் கல் வேலைக்கும் தச்சு வேலைக்கும் வந்தார்கள். வணிகர்களும் வந்தார்கள். தலைநகரின் ஓரத்தில் அவர்கள் வாழ்ந்த பகுதியை பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார் முகாம்' என்றார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியருக்குத் தமிழரும் மலபார்தான். இந்த 'முன்பே வந்தவர்கள்' என்ற விஷயம் பின்னால் ஒரு பெரிய சண்டையில் தலைகாட்டப் போகிறது.

கமர்ஷியல் பேங்க்கின் கவுண்டரில் கரும்புத் தோட்டக் கூலிக்கு என்ன வேலை இருந்திருக்க முடியும்? ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் வெட்டப்படும் என்று விதி இருந்த காலம் அது. சம்பளமே மாதக்கணக்கில் நிலுவை. அப்படியும் வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள் அரசாங்கச் சேமிப்பு வங்கியில் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனி விலை சரிந்து, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் நிலை வந்தபோது, அந்தத் துண்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள். மாதம் 5 ரூபாய் சம்பளக்காரனின் பிள்ளை நிலச்சொந்தக்காரன் ஆனது இப்படித்தான்.

விருந்தும் வீழ்ச்சியும்

இனி, தபால்தலைக்கு வருவோம். மொரிஷியஸ் என்றாலே உலகெங்கும் தபால்தலை சேகரிப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். காரணம் 1847.

அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி அங்கே இரண்டு தபால்தலைகள் வெளியாயின. ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பென்னி. நீலத்தில் இரண்டு பென்ஸ். பிரிட்டனுக்கு வெளியே ஒரு பிரிட்டிஷ் காலனி வெளியிட்ட முதல் தபால்தலைகள் அவை. தகட்டைச் செதுக்கியவர் ஜோசப் ஒஸ்மண்ட் பர்னார்ட். அவரும் 1838ல்தான் தீவுக்கு வந்து சேர்ந்தார். அதுவும் கப்பலில் ஒளிந்து பயணம் செய்து, பிடிபட்டு இறக்கிவிடப்பட்டவர். ஒரே செப்புத் தகட்டில் இரண்டையும் செதுக்கி, ஒவ்வொன்றாக அச்சிட்டு, வகைக்கு 500 தயாரித்துக் கொடுத்தார். விக்டோரியா மகாராணியின் தலை, பக்கவாட்டில் 'போஸ்ட் ஆபீஸ்' என்ற சொற்கள்.

'போஸ்ட் பெய்ட்' என்று எழுதச் சொன்னதை மறந்து, தபாலாபீஸ் கட்டடத்தைப் பார்த்ததும் 'போஸ்ட் ஆபீஸ்' என்று செதுக்கிவிட்டார் என்று ஒரு கதை நூறாண்டுக்கு மேலாக உலவுகிறது. சுவையான கதை, ஆனால் ஆதாரம் இல்லை. அடுத்த ஆண்டு வந்த தபால்தலைகளில் வாசகம் மாற்றப்பட்டது மட்டும் உண்மை.

ஆயிரம் தபால்தலைகளில் ஒரு பகுதியை ஆளுநரின் மனைவி லேடி கோம் எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 30ஆம் தேதி ஆளுநர் மாளிகையில் நடந்த மாறுவேட நடன விருந்தின் அழைப்பிதழ் உறைகளில் அவை ஒட்டப்பட்டன. சீனிப் பணம் செழித்த காலம். தலைநகரின் பிரமுகர்கள் எல்லாம் ஆடிப் பாடியிருப்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தி அப்போது கடலில் வந்துகொண்டிருந்தது. அதே செப்டம்பரில் லண்டனில் 'ரீட், இர்விங்' என்ற பெரிய வணிக நிறுவனம் விழுந்துவிட்டது. மொரிஷியஸ் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து, சீனியை வாங்கி விற்ற நிறுவனம் அது. தந்தி இல்லாத காலம். பாய்மரக் கப்பல்தான் செய்தி கொண்டுவர வேண்டும். ஆக, லேடி கோம் வீட்டில் நடனம் நடந்த இரவில் தீவின் கடன் கணக்கு ஏற்கெனவே உடைந்துபோயிருந்தது. அடுத்தடுத்து மேலும் சில லண்டன் நிறுவனங்கள் சாய்ந்தன. 1832ல் தொடங்கிய முதல் வங்கி 1848ல் மூடப்பட்டது. போட்டியாக வந்த கமர்ஷியல் பேங்க் பிழைத்துக்கொண்டது. 1988ல் அது 150 வயது கொண்டாட முடிந்தது என்றால், 1848ஐத் தாண்டியதுதான் அதற்கு அடிப்படை. கட்டடம் படம் போட்ட தபால்தலையில் இந்தத் திகில் தெரியாது.

விருந்து உறைகளும் கடிதங்களும் மறந்துபோயின. 1860களில் பிரான்சின் போர்தோ நகரத்தில் ஒரு வணிகரின் மனைவி பழைய வியாபாரக் கடிதங்களைக் கிளறும்போது இந்தத் தபால்தலைகள் அகப்பட்டன. அதன் பிறகு வேட்டை தொடங்கியது. பம்பாயில் கிறிஸ்துவ வேத நூல் சங்கம் ஒன்றின் செயலாளருக்குப் போன உறை ஒன்று, இரண்டு ஒரு பென்னி தபால்தலைகளோடு, 1897ல் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் கிடைத்தது. 1904ல் பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளின் ஐந்தாம் ஜார்ஜ், ஒரு நீலத் தபால்தலையை 1,450 பவுன் கொடுத்து வாங்கினார். இன்று உலகில் இருப்பதாக அறியப்பட்டவை இரண்டு வகையும் சேர்த்து முப்பதைத் தொடாது. அவற்றில் ஒன்றுகூட நெடுங்காலம் மொரிஷியஸ் மக்கள் பார்வைக்குக் கிடைக்கவில்லை. அரசர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் கோடீஸ்வரர்களிடமும் போய்விட்டன. 1948ல் அந்தத் தபால்தலையின் நூற்றாண்டுக்குத் தீவு புதுத் தபால்தலை வெளியிட்டது. கையில் இருந்தது படம் மட்டும்தான்.

1993 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஹிரோயுகி கானாய் என்ற ஜப்பானியச் சேகரிப்பாளரின் புகழ்பெற்ற மொரிஷியஸ் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. அப்போதுதான் கமர்ஷியல் பேங்க் களத்தில் இறங்கியது. மொரிஷியஸ் நிறுவனங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, முத்திரை குத்தாத ஒரு பென்னி ஒன்றையும் இரண்டு பென்ஸ் ஒன்றையும் வாங்கியது. இரண்டுக்கும் சேர்த்து விலை 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். 2001ல் போர்ட் லூயிஸ் துறைமுகக் கரையில் 'புளூ பென்னி' அருங்காட்சியகத்தைத் திறந்து அங்கே வைத்தது. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் அசலுக்கு மணிக்குச் சில நிமிடங்கள்தான் விளக்கு. மற்ற நேரத்தில் நகலைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும்.

தன் சொந்தத் தபால்தலையைத் திரும்ப வாங்க ஒரு நாட்டுக்கு 146 ஆண்டு ஆயிற்று. அதைச் செய்த வங்கியைப் பாராட்டத்தான் வேண்டும். சீனித் தோட்டப் பணத்தில் பிறந்த வங்கி என்பதற்காக இந்த நல்ல காரியத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

வெள்ளி எப்படி ரூபாய் ஆனது?

முதலில் சொன்ன 15 டாலர் நோட்டுக்கு இப்போது திரும்பலாம். அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் ஸ்பானிய வெள்ளி நாணயம்தான் ராஜா. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. நாம் பணத்தையே 'வெள்ளி' என்று சொல்லும் வழக்கம் அதன் மிச்சம். நீரிணைக் குடியேற்றங்களில் அரசாங்கம் இந்திய ரூபாயில் கணக்கு வைத்தது. வணிகர்களோ வெள்ளிதான் வேண்டும் என்றார்கள். 1867ல் வெள்ளி வென்றது. அந்த ஆண்டு இங்கே வெளியான முதல் தபால்தலைகள், இந்தியத் தபால்தலைகளின் மேலேயே கிரீடமும் சென்ட் கணக்கும் அச்சடித்தவை.

மொரிஷியஸில் நேர்மாறு. பவுன், டாலர், ரூபாய் எல்லாம் கலந்து புழங்கிய தீவில் 1876ல் ரூபாய்தான் இனிச் சட்டபூர்வ நாணயம் என்று முடிவாயிற்று. மக்கள்தொகையில் பெரும்பாலோர் இந்தியர் ஆகிவிட்டதும், அரிசி முதல் துணி வரை இந்தியாவிலிருந்து வந்ததும் காரணம். ஆளுநரோ வங்கியோ விரும்பிச் செய்த கலாசார மரியாதை அல்ல அது. தோட்டத்துச் சம்பளமும் கடைத்தெருவும் ரூபாயில் பேசின. கருவூலம் பின்னால் வந்தது. 1934 வரை மொரிஷியஸ் ரூபாய் இந்திய ரூபாயோடு கட்டுண்டிருந்தது. நோட்டுகளில் ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளும் ஏறின. தமிழும் அவற்றில் ஒன்று.

அந்தத் தமிழ் வரிக்குத்தான் 1998ல் சோதனை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய வங்கி புது நோட்டுத் தொடரை வெளியிட்டது. தேசத்துக்கு உழைத்த பல இனத் தலைவர்களின் முகங்கள் அதில் இருந்தன. 100 ரூபாய் நோட்டில் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன். பெருமைப்பட வேண்டிய நேரம். ஆனால் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் மூன்றாவதாகக் கீழே போயிருந்தது. தேவநாகரி எழுத்து மேலே வந்திருந்தது.

தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். நாங்கள் முன்பே வந்தவர்கள், எங்கள் இடம் எப்போதும் இரண்டாவதுதான் என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கையில் இந்தி மரபினர் அதிகம் என்பது மறுபக்க வாதம். ஒரு வரி மேலேயா கீழேயா என்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வெளியார் கேட்கலாம். வீட்டில் கிரியோல் மொழி பேசும் சமூகம் அது. பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் கோயிலிலும் பெயரிலும் தைப்பூசக் காவடியிலும் மிஞ்சியிருக்கிறது. பத்துமலையைப் போலவே அங்கும் தைப்பூசம் பெரிய விழா, தேசிய விடுமுறை. அன்றாடம் கையில் புரளும் ஒரே தமிழ் எழுத்து பணநோட்டில் இருப்பதுதான் என்றால், அதன் இடம் சின்ன விஷயமா? சிங்கப்பூர் நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு நாள் அது நகர்ந்தால்தான் கவனிப்போம்.

முடிவில் அரசாங்கம் இறங்கி வந்தது. நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999ல் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்ற வரிசையில் புதிதாக அச்சிட்ட நோட்டுகள் வந்தன.

வங்கிக்குத் தபால்தலை போட்ட அதே அஞ்சல் துறை, நான்கு ஆண்டு முன்னதாக 1984ல், அடிமை முறை ஒழிப்பையும் இந்தியர் வருகையையும் சேர்த்து 150ஆம் ஆண்டு நினைவுத் தபால்தலைகள் வெளியிட்டது. இரண்டு தொகுப்பையும் ஆல்பத்தில் பக்கத்துப் பக்கமாக ஒட்டி வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் கொடுத்து வைத்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கிய கூலிகள் முதலில் தங்க வைக்கப்பட்ட துறைமுகக் கொட்டகை 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. போர்ட் லூயிஸில் அதுவும், நீலத் தபால்தலை இருக்கும் அருங்காட்சியகமும் ஒரே துறைமுகக் கரையில்தான் இருக்கின்றன.

இன்னொரு சிறு காகிதமும் அந்நாட்டில் பத்திரமாக இருக்கிறது. 1860களில் இந்தியத் தொழிலாளர்கள் புகைப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக எடுத்த படங்கள் அவை. அந்தப் படங்களும் வருகைப் பதிவேடுகளும் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தாத்தாவின் தாத்தா எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடிக்கொண்டு இன்றும் ஆட்கள் அங்கே போகிறார்கள். வந்தவரின் பதிவு எண் தெரிந்தால் போதும், பக்கத்தை எடுத்துக் காட்டுவார்கள்.